வடிவாக எடுக்கக் கூடாத படங்கள்

எனக்கு ஒன்பது வயது நடந்த வருடம் எங்கள் வீட்டில் எனக்கு இரண்டு தடவை பிறந்தநாள் வந்தது. மார்கழியில் வந்தது உண்மையானது. அதற்கு அம்மா கோயிலில் அர்ச்சனை செய்வித்து, வீட்டில் பாயசம் காய்ச்சினார். மற்றது ஆவணியில் வந்தது, நான் பிறக்காத ஒரு நாளில். அதற்குத்தான் கிளிநொச்சியிலிருந்து ஐசிங் பூப் போட்ட கேக் வந்தது. பிறக்காத நாளுக்கு எதற்குக் கேக் என்று கேட்டதற்கு, "கதையாமல் அக்காவுக்குப் பக்கத்தில போய் நில்லு" என்றார் அம்மா. நின்றேன். அக்காவைக் கட்டிய அத்தான் என் தோளில் கை வைத்தார். சித்தப்பா போனை உயர்த்திப் பிடித்தார். எல்லோரும் சிரித்தார்கள். ஏன் என்று தெரியாமல் நானும் சிரித்தேன்.

இது விளங்க வேண்டுமானால் அக்காவின் கலியாணத்திலிருந்து சொல்ல வேண்டும்.

அக்காராயன் குளத்துக்குக் கீழே எங்களுக்கு வயல். அப்பாவுக்கு அந்த வயலைத் தவிர வேறு ஒன்றும் தெரியாது, தெரிந்துகொள்ள ஆசைப்பட்டதும் கிடையாது. அவருடைய தம்பி, அதாவது என் சித்தப்பா, அதற்கு நேர்மாறு. சேற்றில் கால் வைக்க மாட்டேன் என்று சின்ன வயதிலேயே சொல்லிவிட்டு, பின்னாளில் கிளிநொச்சியில் ஒரு ஸ்ரூடியோ திறந்தார். அடையாள அட்டைக்குப் படம் எடுப்பதுதான் அங்கே அன்றாட வேலை. ஆனால் அதைப் பற்றி அவர் கதைக்க மாட்டார். வெளியில், வெட்டவெளியில், வெயிலையும் மரத்தையும் தண்ணீரையும் வைத்து எடுக்கிற படம்தான் அவருக்குப் படம். அறைக்குள் விளக்குப் போட்டு எடுத்த படத்தைப் பார்த்தால், "மெழுகில செய்த மாம்பழம்" என்பார்.

அக்காவுக்கும் எனக்கும் வயது வித்தியாசம் அதிகம். நடுவில் எனக்கு ஒரு அண்ணன் இருந்தான். நான் கைக்குழந்தையாக இருந்தபோது இல்லாமல் போனவன். அவனைப் பற்றி வீட்டில் யாரும் கதைப்பதில்லை, அவனுடைய படமும் ஒன்றும் இல்லை. அவனுடையது மட்டுமல்ல, இடம்பெயர்ந்து திரிந்த காலத்தில் வீட்டிலிருந்த படங்கள் எல்லாமே போய்விட்டன. அம்மா அப்பாவின் கலியாணப் படம்கூட இல்லை. ஆகவே அக்காவின் கலியாணத்துக்கு ஒரு அல்பம் வரப்போகிறது என்றபோது, மாப்பிள்ளை வரப்போகிறார் என்பதைவிட அம்மாவுக்கு அதுதான் பெரிய விஷயமாகப் பட்டது என்று எனக்கு ஞாபகம்.

மாப்பிள்ளை வெளிநாடு. எந்த நாடு என்பது இந்தக் கதைக்குத் தேவையில்லை. குளிர் நாடு. சின்ன வயதிலேயே தாயோடு அங்கே போனவர். குட்டையாக, கண்ணாடி போட்டு, யாராவது கதைத்தால் முதலில் தலையை ஆட்டிவிட்டுப் பிறகு யோசிக்கிற மனிதர். கொஞ்ச நாள் லீவில் வந்து, அக்காவைப் பார்த்து, கலியாணம் கட்டினார். கட்டிய மறுநாள் சித்தப்பா அவர்களைப் படம் எடுக்கக் குளத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போனார். புதுப் பொம்பிளை மாப்பிள்ளையோடு ஒரு சின்னப் பிள்ளை போக வேண்டும் என்று அம்மா சொன்னதால் நானும் போனேன்.

அன்று சித்தப்பா சொன்னவை எல்லாம் எனக்கு இன்றைக்கும் மனப்பாடம். வெயில் சரியும்வரை கமராவை உறையிலிருந்து எடுக்கவே மாட்டேன் என்றார். உச்சி வெயிலில் எடுத்தால் கண் இருக்கிற இடத்தில் குழிதான் இருக்குமாம், மூக்குக்குக் கீழே மீசை மாதிரி நிழல் விழுமாம். மரத்தின் கீழே போய் நின்றால் அதற்கும் சத்தம் போட்டார். இலைக்குள்ளால் வெயில் புள்ளி புள்ளியாக விழுந்தால் பொம்பிளை புள்ளிமான் மாதிரி இருப்பாளாம். சூரியன் அவர்களுக்குப் பின்னால் வரும்படி நிற்கவைத்து, பெட்டிகளுக்குள் பொதிந்து வருகிற வெள்ளை ரெஜிபோம் பலகை ஒன்றை ஒரு கல்லில் சாய்த்து, அந்த வெளிச்சத்தை அக்காவின் முகத்துக்குத் திருப்பினார். முகம் அப்படியே விளக்குக் கொளுத்தினது மாதிரி ஆனது.

"பிள்ளை, ஒண்டு சொல்லுறன் கேள். ஆரையும் எடுக்க முதல் முகத்தைப் பாக்காதை. தலைக்குப் பின்னால என்ன நிக்குது எண்டு பார்," என்றார் என்னிடம். பள்ளிக்கூட அதிபர் ஒருவரைக் கொடிக்கம்பத்துக்கு முன்னால் நிறுத்தி எடுத்து, அவருடைய மண்டையிலிருந்து கொடி முளைத்த கதையை அதற்கு உதாரணமாகச் சொன்னார். குளத்துத் தண்ணீரின் கோடு கழுத்துக்குக் குறுக்கே போகக் கூடாது, போனால் கழுத்தை வெட்டினது மாதிரி. சின்னப் பிள்ளையை எடுப்பதென்றால் நீயும் முழங்காலில் நில். முழங்கையை நெஞ்சோடு ஒட்டிக்கொள், மூச்சைப் பிடி. பிறகு, "சிரியுங்கோ எண்டு மட்டும் ஒருக்காலும் சொல்லப்படாது. சொன்னால் பல்லுத்தான் வரும், சிரிப்பு வராது. கைக்கு ஒரு வேலை குடுத்தால் முகம் தன்ர பாட்டில இருக்கும்."

அக்காவுக்கு ஒரு தாமரைப் பூவைக் கொடுத்தார். அத்தானுக்கு அக்காவின் சேலைத் தலைப்பைக் கொடுத்தார். இருவரும் அவர் சொன்னபடி நடந்தார்கள், திரும்பினார்கள், ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அவர் கமராவைக் கீழே வைத்தவுடன் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கதைக்க ஒன்றும் இருக்கவில்லைப் போல. எனக்கு அது புதினமாக இருந்தது. ஆனால் அல்பம் வந்தபோது அதில் அந்த வெறும் நேரம் ஒன்றும் இல்லை. மருதமரங்களுக்குப் பின்னால் சூரியன் இறங்க, அக்காவின் தலைமுடி ஓரமெல்லாம் பொன்னாக, அத்தானே உயரமாகத் தெரிந்தார். ஊரே வந்து பார்த்தது. அம்மா அதை அலுமாரிக்குள் பட்டுச் சேலைக்கு மேல் வைத்துப் பூட்டினார்.

அத்தான் திரும்பிப் போய், அக்காவைக் கூப்பிட விசாவுக்கு விண்ணப்பித்தார். அல்பத்தின் படங்களும் அதோடு போயின. ஒரு வருடத்துக்குக் கிட்ட ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஒரு நாள் அத்தான் போன் எடுத்தார். உள்ளே அடுப்பில் உலை கொதிக்க, அக்கா குசினி வாசலில் நின்று கேட்டாள். ஓம், ஓம் என்று மட்டும் சொன்னாள். வைத்த பிறகு அம்மாவிடம், "ஏலாதாம்," என்றாள்.

விசா கொடுக்கிறவர்களுக்கு அந்தப் படங்கள் பிடிக்கவில்லையாம். எல்லாம் ஒரே நாளில், ஒரே இடத்தில், நடிகர்கள் மாதிரி நின்று எடுத்த படங்களாக இருக்கின்றனவாம். இவர்கள் சேர்ந்து வாழ்கிற ஆட்கள் என்பதற்கு அதில் ஒன்றும் இல்லையாம். சித்தப்பாவிடம் இதை அப்பா சொன்னபோது நானும் பக்கத்தில் இருந்தேன். அவர் முதலில் நம்பவில்லை.

"என்ர படம் வடிவில்லை எண்டு சொல்லிச்சினமோ?"

"வடிவு கூடிப்போச்சாம்," என்றார் அப்பா.

சித்தப்பா கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். பிறகு, "அண்ணை, நீயும் அண்ணியும் கட்டினதுக்கு ஒரு படமும் இல்லை. அப்ப அதுவும் பொய்யோ?" என்று கேட்டார். அப்பா மாட்டைக் கட்ட எழுந்து போனார். எனக்கோ அந்தக் கேள்வி பெரிய பயத்தைக் கொடுத்தது. அம்மாவும் அப்பாவும் உண்மையில் கலியாணம் கட்டினவர்கள்தானா என்று அன்று பின்னேரம் அம்மாவிடமே கேட்டு, அகப்பைக்காம்பால் ஒன்று வாங்கினேன்.

ஆவணி மாதம் அத்தான் மறுபடி வந்தார். இந்த முறை ஒரு சட்டத்தரணியிடம் கேட்டுக்கொண்டு வந்திருந்தார். சாதாரணமான படங்கள் வேண்டும் என்று அவர் சொல்லியிருந்தாராம். வீட்டில், கடையில், சமைக்கிறபோது, சாப்பிடுகிறபோது, வேறு வேறு நாட்களில், வீட்டு ஆட்களோடு. போனில் எடுத்தால் போதும். வடிவாக இருக்கத் தேவையில்லை, வடிவாக இல்லாவிட்டால் இன்னும் நல்லது.

சித்தப்பாவைத்தான் மறுபடி கூப்பிட்டார்கள். அவர் வந்தார், போனை வாங்கினார். அக்கா தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். அவர் நேரே போய் யன்னல் சீலையை விலக்கி, வெளிச்சம் அவளுடைய கன்னத்தில் விழும்படி கதிரையைத் திருப்பி, பின்னாலிருந்த குப்பை வாளியைத் தள்ளிவைத்து, முழங்காலில் நின்று, மூச்சைப் பிடித்து எடுத்தார். அதில் அக்கா ஏதோ கலண்டர் அட்டையில் வருகிறவள் மாதிரி இருந்தாள்.

"சித்தப்பா, உது சரிவராது," என்றார் அத்தான் தயங்கித் தயங்கி. "கொஞ்சம் கவனமில்லாமல் எடுங்கோ."

"கவனமில்லாமல் எப்பிடி எடுக்கிறது?"

அவர் கிண்டலாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரியாமல் கேட்டார். மறுபடி முயன்றார். கையைச் சரித்துப் பிடித்தார், அது அழுத்துகிற நேரத்தில் தானாக நிமிர்ந்தது. வெளியே கூட்டிக்கொண்டு போய் உச்சி வெயிலில் நிறுத்திப் பார்த்தார், அவர்கள் கண்ணைச் சுருக்கியதும் பொறுக்காமல் நிழலுக்குள் தள்ளினார். சட்டத்தரணி கேட்ட மோசமான படம் ஒன்றும் அன்று வரவில்லை. சித்தப்பாவின் நெற்றியெல்லாம் வியர்த்தது. அவர் அப்படித் தடுமாறி நான் அதற்கு முன்பு பார்த்ததில்லை.

அப்போதுதான் அம்மா பொறுப்பெடுத்தார். வேறு வேறு நாட்கள் என்றால் வேறு வேறு உடுப்புத்தானே, அதற்கு ஏன் காத்திருக்க வேண்டும் என்பது அவருடைய யோசனை. ஒரு வியாழக்கிழமை காலையில் முற்றத்தில் கோலம் போட்டு, பானை வைத்துப் பொங்கினார். அக்காவும் அத்தானும் பானைக்குப் பக்கத்தில் நின்றார்கள். அது தைப்பொங்கல். உடுப்பு மாற்றிக் கிணற்றடிக்குப் போனார்கள், அது ஏதோ ஒரு சாதாரண நாள். மத்தியானம் கேக் வந்தது, என் பிறந்தநாள். பின்னேரம் எல்லோரும் புது உடுப்பு உடுத்து வாசலில் நின்றோம், சித்திரை வருடப்பிறப்பு. இடையில் பக்கத்து வீட்டு விறாந்தைக்குப் போய்த் தேத்தண்ணீர் குடித்தோம். அது வவுனியாவிலுள்ள சொந்தக்காரர் வீடாம். பக்கத்து வீட்டு ஆட்கள் வவுனியாச் சொந்தக்காரர்களாக நின்று சிரித்தார்கள். நான் எதற்கு எந்தச் சட்டை என்று தெரியாமல், பொங்கலுக்குப் போட்ட சட்டையைப் பிறந்தநாளுக்கும் போட்டுக்கொண்டு வந்து ஏச்சு வாங்கினேன்.

அத்தான் நாள் முழுதும் தலையை ஆட்டிக்கொண்டே எல்லாவற்றுக்கும் நின்றார். கடைசி உடுப்பையும் மாற்றிக்கொண்டு சாரத்தோடு வந்து கதிரையில் இருந்தபிறகுதான் வாய் திறந்தார்.

"மாமி, தைப்பொங்கலுக்கு நான் இஞ்ச நிக்கேல்லை. பாஸ்போட்டில கிடக்கு."

அம்மா குசினியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"போனில எடுக்கிற படத்துக்குள்ள எடுத்த திகதியும் கிடக்கும். எல்லாம் இண்டையான் திகதி," என்றார் அத்தான். "உது ஒண்டும் அனுப்பேலாது. அனுப்பவும் எனக்கு விருப்பமில்லை, மாமி. நாங்கள் உண்மையாத்தானே கட்டினனாங்கள்?"

படத்துக்குள் திகதி இருப்பது சித்தப்பாவுக்குத் தெரியாமலா இருக்கும்? தொழிலே அதுதானே. அவர் எழுந்து மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு, சாப்பிடாமல் கிளிநொச்சிக்குப் போய்விட்டார். அம்மா பொங்கல் பானையைக் கழுவப் போனார். நான் மட்டும் கேக்குக்குப் பக்கத்தில் நின்றேன். "அப்ப எனக்கு இப்ப எத்தினை வயசு?" என்று கேட்டேன். அது நியாயமான கேள்வி என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். அக்கா ஏதோ சொல்ல வாயெடுத்து, திடீரென்று முகத்தைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், பிறகு பார்த்தால் அது அழுகை. நானும் அழத் தொடங்கினேன். என்னை அடக்குவதற்காக அத்தான் தன் போனை என் கையில் தந்தார்.

"நீ எடு. நாங்கள் பாக்காத நேரமாப் பாத்து எடு. என்னவும் எடு."

அப்படித்தான் நான் படம் எடுக்கத் தொடங்கினேன். சித்தப்பா சொன்ன எல்லாம் தலைக்குள் இருந்தன, ஆனால் கைக்கு ஒன்றும் வரவில்லை. போன் என் கைக்குப் பெரிது. பாதிப் படங்களில் என் பெருவிரல் இருந்தது. அத்தான் கிணற்றில் வாளியைப் போட்டுவிட்டுக் கயிற்றையும் சேர்த்து விட்டதை எடுத்தேன். அப்பா வாயைத் திறந்துகொண்டு நித்திரை கொள்ளுவதை எடுத்தேன். கன்றுக்குட்டியை எடுக்க முழங்காலில் நின்றால் அது போனை நக்கியது. நக்கின பிறகு எடுத்த படங்கள் எல்லாம் பனிமூட்டம்.

அத்தான் திரும்பிப் போக இன்னும் சில நாட்களே இருந்தன. வயலில் சிறுபோக நெல் வெட்டு. அப்பாவுக்கு மத்தியானச் சாப்பாடு கொண்டு அக்கா புறப்பட்டாள். அத்தானும் கூடப் போனார். நான் போனோடு பின்னால் போனேன். குளக்கட்டு வழியே நடந்தோம். குளம் வற்றிக் கரையெல்லாம் வெடித்துக் கிடந்தது. அக்கா குடை பிடித்திருந்தாள். இருவரும் முன்னால் ஏதோ மெல்லக் கதைத்துக்கொண்டு போனார்கள். மெல்லக் கதைத்தது வர வர மெல்லமாக இல்லை. துருசு கட்டியிருக்கிற இடத்தில், வயலுக்குத் தண்ணீர் திறக்கிற இரும்புக் கம்பிக்குப் பக்கத்தில், அக்கா நின்றாள். சாப்பாட்டுப் பையைக் கீழே வைத்தாள்.

"நான் அங்க வந்தால் அம்மா அப்பாவை ஆர் பாக்கிறது?"

"நான் இஞ்ச வந்தால் என்ர அம்மாவை ஆர் பாக்கிறது?" என்றார் அத்தான். "அவா கதிரையை விட்டு எழும்பேலாமல் இருக்கிறா. உமக்குத் தெரியும்."

"தெரிஞ்சும் ஏன் கட்டினனீங்கள்?"

"நீர் ஏன் ஓமெண்டனீர்?"

அக்கா குடையைப் போட்டுவிட்டு, துருசுக் கட்டில் அந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்தாள். அழவில்லை. கல்லு மாதிரி இருந்தாள். அத்தான் இந்தப் பக்கம் பார்த்து நின்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டார். வெயில் நேரே தலைக்கு மேலே. பிறகு அவர் குனிந்து குடையை எடுத்து, அக்காவைப் பார்க்காமலேயே, அவளுடைய தலைக்கு மேல் பிடித்தார். தான் வெயிலில் நின்றார். அக்காவும் திரும்பவில்லை, வேண்டாம் என்று தட்டவும் இல்லை.

எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. அவர்கள் சண்டை பிடிப்பதை நான் அதுவரை பார்த்ததில்லை. சண்டை பிடிக்கிற அளவுக்கு அவர்கள் கதைத்துக்கூட நான் பார்த்ததில்லை. இது விசாவுக்குக் கூடாத காரியம் என்று மட்டும் தோன்றியது. ஆனால் பார்க்காத நேரம் எடு என்றுதானே சொன்னார்? இருவரும் பார்க்கவில்லை. எடுத்தேன்.

அத்தான் போவதற்கு முந்திய நாள், கோபம் ஆறிச் சித்தப்பா கணினியோடு வந்தார். முன்னறைக் கதிரையில் அதை வைத்து என் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தோம். அவர் வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே போனார். பெருவிரல், சரிவு, ஆட்டம். கன்றுக்குட்டிக்கு மட்டும் கொஞ்சம் சிரித்தார். குளக்கட்டுப் படம் வந்தது. நான் கதிரைக்குப் பின்னால் போய் நின்றேன்.

உச்சி வெயில். அக்காவின் முகம் குடை நிழலில் கறுத்துப் போயிருந்தது. அத்தானின் தலையிலிருந்து துருசுக் கம்பி முளைத்திருந்தது. மிஞ்சியிருந்த தண்ணீரின் கோடு அவருடைய கழுத்தை வெட்டிக்கொண்டு போனது. மூலையில் என் விரல். சித்தப்பா முணுமுணுப்பதை நிறுத்திவிட்டார்.

"இதில என்ன நடந்தது?"

நான் அக்காவைப் பார்த்தேன். "சண்டை பிடிச்சனாங்கள்," என்றாள் அக்கா, சோறு காய்ச்சினேன் என்பது மாதிரி.

"உதை அழியுங்கோ," என்றார் அம்மா உடனே.

"இல்லை மாமி. கிடக்கட்டும்," என்றார் அத்தான். அவர் அதைப் பார்த்தபடியே இருந்தார். தான் குடை பிடித்தது அவருக்கே அப்போதுதான் தெரிந்தது போல.

சித்தப்பாவின் விரல் பழக்கத்தில் படத்தை நிமிர்த்தப் போனது. என் விரலை வெட்டி, அக்காவின் முகத்தில் வெளிச்சம் ஏற்ற அவருக்கு எவ்வளவு நேரம் செல்லும்? தொட்டவர் தொடாமல் விட்டார். மற்றவற்றோடு அதுவும் போனது.

மாரி வந்து, வயல் விதைத்து, என் உண்மையான பிறந்தநாளும் முடிந்த பிறகு அக்காவைக் கொழும்புக்கு விசா நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள். அப்பா கூடப் போனார். திரும்பி வந்து நடந்ததை அக்கா சொன்னாள். மேசையில் படங்களைப் பரப்பிவைத்து, கிணற்றடி, கடை, சமையல் எல்லாவற்றையும் தள்ளிவிட்டு, அந்தக் குளக்கட்டுப் படத்தைத்தான் நேர்முகம் எடுத்த பெண் அதிகாரி தூக்கிக் கேட்டாராம். இதில் என்ன செய்கிறீர்கள்?

"சண்டை எண்டு சொன்னனான்," என்றாள் அக்கா. "என்னத்துக்கு எண்டு கேட்டா. வாறதோ விடுறதோ எண்டு சொன்னனான்."

"ஐயோ, உப்பிடியே சொல்லுறது?" அம்மா தலையில் கை வைத்தார்.

"பிறகு, என்ன முடிவெடுத்தனீங்கள் எண்டு கேட்டா. இன்னும் முடியேல்லை எண்டு சொன்னனான்."

எல்லாம் போய்விட்டது என்று அன்று வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. ஆனால் விசா வந்தது. ஏன் வந்தது என்பதற்கு இன்றுவரை யாருக்கும் விடை தெரியாது. கலியாண அல்பம்தான் கடைசியில் வேலை செய்தது என்று சித்தப்பா சொன்னார். அம்மா, பிள்ளையாருக்கு வைத்த நேர்த்தி என்றார். நான் என் படத்தால்தான் என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அது அக்காவின் காதுக்கும் போனது. அன்று பின்னேரம் எனக்குத் தலை இழுத்துவிட்டபோது, "ஓம். உன்ர படத்தாலதான்," என்றாள். சீப்பு கொஞ்ச நேரம் என் தலையிலேயே நின்றது. நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

விசா வந்தது சந்தோஷமான விஷயம் என்றுதான் நான் விளங்கிவைத்திருந்தேன். ஒரு வருடத்துக்கு மேலாக வீட்டில் எல்லோரும் அதைத்தான் கேட்டுக் கும்பிட்டார்கள். வந்த பிறகு ஏன் அம்மா குசினியை விட்டு வெளியே வருவதில்லை, ஏன் அப்பா வயலிலேயே சாப்பிட்டுவிடுகிறார், ஏன் அக்கா என் உடுப்புகளை எல்லாம் திரும்பத் திரும்பத் தோய்த்து மடித்து வைக்கிறாள் என்று எனக்குப் பிடிபடவில்லை. கேட்டால், பேசாமல் இரு என்றார்கள். முன்பு பிறந்தநாளுக்குச் சொன்னது போலத்தான்.

அவள் போகிற நாள் வாகனம் விடிந்தும் விடியாமலும் வந்தது. இரவு மழை பெய்து ஓய்ந்திருந்தது. யாரும் கூப்பிடாமலே சித்தப்பா தன் பெரிய கமராவோடு வந்து நின்றார். அப்பா பெட்டியைத் தூக்கி வாகனத்துக்குள் வைத்துவிட்டு, அதற்குள்ளேயே ஏதோ தேடுவது போலக் குனிந்துகொண்டு நின்றார். வாசல் படலையடியில் அக்கா அம்மாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றாள். அம்மாவின் ஒரு கையில் அக்காவின் கைப்பை இருந்தது.

சித்தப்பா ஈர மண்ணில் முழங்காலில் நின்றார். முழங்கைகளை நெஞ்சோடு ஒட்டிக்கொண்டார். கமரா கண்ணுக்குப் போனது. நான் அவருக்குப் பக்கத்தில் போய் நின்று, அவர் பார்க்கிற பக்கம் பார்த்தேன். வானம் முழுக்க மெல்லிய வெள்ளை முகில். முகத்தில் எங்கேயும் நிழல் இல்லை. இலைகள் கழுவி வைத்தது போல இருந்தன. அவர்களுடைய தலைக்குப் பின்னால் கம்பமும் இல்லை, மரமும் இல்லை. அம்மாவுக்கும் அக்காவுக்கும் யாரும் ஒன்றும் சொல்லிக்கொடுத்து நிறுத்தவில்லை. கமரா கண்ணிலேயே இருந்தது. கிளிக் என்ற சத்தம் வரவில்லை.

பிறகு அவர் கமராவை இறக்கினார்.

"சித்தப்பா, எடுங்கோ," என்றேன். "வெயில் ஏறப்போகுது."

"ஓம் பிள்ளை," என்றார். "ஏறட்டும்."

மூடியை எடுத்துக் கண்ணாடியை மூடினார். எனக்கு ஆத்திரம் வந்தது. அவருக்குத் தொழில் மறந்துவிட்டது என்று நினைத்தேன். அவருடைய கையைப் பிடித்து உலுப்பினேன். அவர் என்னைப் பார்க்காமல் எழுந்து, வாகனத்துக்குப் பின்னால் போனார். அக்கா வந்து என்னைத் தூக்கி முத்தம் தந்தபோதும், நான் அவளுடைய தோளுக்கு மேலால் அவரைத்தான் முறைத்துக்கொண்டிருந்தேன்.

வாகனம் போனது. முகில் கலைந்து வெயில் சுள்ளென்று முற்றத்தில் விழுந்தது. அதற்குப் பிறகு பல நாட்கள் நான் சித்தப்பாவோடு கதைக்கவில்லை. அக்கா போய்விட்டாள் என்று நான் அன்று அழவில்லை. அப்படியொரு வெளிச்சத்தை ஒரு மனிதர் வீணாக விட்டுவிட்டாரே என்றுதான் அழுதேன்.